மோக்சனின் இரட்டைத் திருகு

மரத்தை அறுக்கவும் செதுக்கவும் முதலில் அது அசையாமல் நிற்க வேண்டும். ஐரோப்பியத் தச்சு மேசையின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு தேவைக்கு விடை தேடிய வரலாறே ஆகும். ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரோவியம் ஒன்று காட்டும் உரோமானிய மேசையில், துளைக்குள் அடித்து இறுக்கிய இரும்புக் கொக்கியே பலகையைப் பிடித்திருக்கிறது. திருகின் துணையால் இறுக்கும் வைஸ் பொருத்திய தச்சு மேசையோ, நியூரம்பெர்க்கைச் சேர்ந்த மார்ட்டின் லோஃபல்ஹோல்ஸ் 1505இல் தொகுத்த படச்சுவடியில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் மேசையோடு நிலையாகப் பிணைக்கப்படாமல், வேண்டியபோது எடுத்துவைத்துக்கொள்ளும் வைஸைப் பற்றி அறிய, ஜோசப் மோக்சனின் நூலே முதன்மையாகக் கைகொடுக்கிறது.

1627இல் வேக்ஃபீல்டில் பிறந்த மோக்சன், இலண்டனில் அச்சுத்தொழில் நடத்தியதோடு பூகோள உருண்டைகளையும் வரைபடங்களையும் செய்து விற்றவர். 1678இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர். அதே ஆண்டில் அவர் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய 'மெக்கானிக் எக்சர்சைசஸ்' என்னும் நூல், கொல்லரும் தச்சரும் தலைமுறை தலைமுறையாகக் கைவழியே கற்றுவந்ததை அச்சேற்றியது. அதன் படங்கள் சில 1676இல் வெளியான பிரெஞ்சுக்காரர் ஃபெலிபியனின் நூலைத் தழுவியவை என்பது அதன் மதிப்பைக் குறைத்துவிடாது. இரண்டு திருகுகளும் இரண்டு மரத்தாடைகளும் கொண்ட இடுக்கியைத் தச்சர்கள் மேசையின் பக்கவாட்டில் பொருத்துவதுண்டு என்றும், மேசைமீது வைத்துக் கொக்கியால் இறுக்கிக்கொள்வதும் உண்டு என்றும் மோக்சன் சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்.

இந்த இரண்டாவது ஏற்பாட்டின் பயன் வேலையைக் கூர்ந்து பார்த்தால்தான் புலப்படும். இழைப்புளி தள்ளுபவர் உடல் எடையை மரத்தின்மேல் செலுத்த வேண்டியிருப்பதால் தச்சு மேசை தாழ்வாகவே அமைகிறது. பெட்டியின் மூலைகளைக் கோக்கும் புறாவால் இணைப்புக்கு நுண்ணிய கோடுகளில் ரம்பம் ஓட்டும்போதோ, அதே தாழ்வு முதுகை வளைத்துக் கண்ணை வருத்துகிறது. மேசைமேல் அமரும் இடுக்கி பலகையை நெஞ்சருகே உயர்த்திவிடுகிறது. ஒற்றைத் திருகு வைஸில் பலகையை ஓரமாக வைத்தால் தாடை கோணிக்கொள்ளும். இரண்டு திருகுகளுக்கு நடுவே நிற்கும் அகலப் பலகைக்கோ அழுத்தம் இருபுறமும் ஒத்துக் கிடைக்கிறது.

இரும்பு வைஸ்கள் பரவிய 19ஆம் நூற்றாண்டுக்குப் பின் இந்த இரட்டைத் திருகு இடுக்கி பின்தள்ளப்பட்டது. எனினும் பெயர்த்தெடுக்கும் இடுக்கியின் தேவை வீட்டுப் பட்டறைகளில் மறையவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், 1961இல் நாற்காலியைத் தாங்கலாக வைத்து மரம் அறுக்கையில் அந்த நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டதே 'வொர்க்மேட்' பிறக்கக் காரணமாயிற்று. மேசைப்பலகையின் இரு பாதிகளையே தாடைகளாக்கி, தனித்தனியே சுழலும் இரு கைப்பிடிகளால் அவற்றை நெருக்கும் இந்த மடக்கு மேசையைப் பல நிறுவனங்கள் மறுத்தபின் அவர் தாமே தயாரித்து விற்றார். 1970களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் அதை ஏற்றுக்கொண்டது.

2010ஐ ஒட்டி, அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் போன்றோரின் எழுத்துகளால் மோக்சனின் இடுக்கியே அவர் பெயரோடு திரும்பி வந்தது. இன்று செய்யப்படுவதில் பின்தாடை முன்தாடையைவிட நீளமாக விடப்படுகிறது. வெளியே நீளும் அந்த இரு முனைகளைக் கிளாம்பால் எந்த மேசையிலும் இறுக்கிக்கொள்ளலாம். முன்தாடையின் துளைகளைச் சற்றே நீள்வட்டமாக்கினால், ஒருபக்கம் தடிமன் குறைந்த பலகைக்கும் தாடை சாய்ந்துகொடுத்துப் பிடிக்கிறது.