சேதுச் சீமையின் மிஷன் பள்ளி

மிஷன் பள்ளி என்றாலே மதமாற்றத்துக்கு விரித்த வலை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1750ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், 1785 வாக்கில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் அமையக் காரணமானார். யோசனை தஞ்சையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த ஜான் சல்லிவனுடையது. உள்ளூர் அரசர்கள் ஆதரவு தந்தார்கள். கம்பெனி இயக்குநர்கள் 1787ல் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கினார்கள். பாதிரியார், அரண்மனை, கம்பெனி என மூன்று தரப்பும் சேர்ந்து எழுப்பிய பள்ளியை ஒரே நோக்கத்தில் அடைப்பது நியாயமில்லை. பிள்ளைகளை ஏமாற்றி மதத்துக்கு இழுக்கக் கூடாது என்பதில் ஷ்வார்ட்ஸ் உறுதியாக இருந்தார்.

கம்பெனிக்கு விசுவாசமான குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்களே என்று கேட்கலாம். தேவைப்பட்டார்கள்தான். ஆனால் தொடங்கியவர் நோக்கம் படித்தவரைக் கட்டிப்போடுவதில்லை. ஜப்பானின் கியோட்டோவில் 1875ல் நீஜிமா ஜோ தொடங்கிய தோஷிஷாவும், நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் ஒரே அமெரிக்க மிஷன் சங்கத்தின் துணையோடு வளர்ந்தவை. இரண்டுமே இன்று அந்தந்த மண்ணின் சொத்து. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் ஜைனுலாப்தீன் தம் மகனை ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே ஆசிரியர் அய்யாதுரை சாலமன், விரும்புவதை அடையும் நம்பிக்கையை அந்த மாணவனுக்கு ஊட்டினார். பாதிரியார் பெயர் தாங்கிய பள்ளியில் படித்த அந்த முஸ்லிம் மாணவன், அப்துல் கலாம், 2002ல் குடியரசுத் தலைவரானார்.