தானே சரிசெய்துகொள்ளும் பிரேக்கும் கரமனை அம்பாசடரும்

பிரேக் சரித்திரத்தில் 1902 முக்கியமான வருஷம். லூயி ரெனோ, இன்று நாம் டிரம் பிரேக் என்று சொல்லும் வடிவத்தைக் கொண்டுவந்தார். சக்கரத்தோடு சுற்றும் டிரம், உள்ளே இரண்டு ஷூ, மிதித்தால் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். பிறகு மால்கம் லாகெட் கம்பிக்குப் பதிலாக எண்ணெயை வைத்துத் தள்ளினார். 1921 டூஸன்பர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் வந்துவிட்டது.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும், பெடல் கீழே போகும். யாராவது வண்டிக்கு அடியில் புகுந்து அட்ஜஸ்டரைத் திருகவேண்டும்.

திருவனந்தபுரத்துக்கு இந்தத் திருகல் வித்தை மொத்தமாக வந்தது 1938-ல் என்பது என் கணிப்பு. அந்த வருஷம் பிப்ரவரி 20-ம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா அரசு பஸ்ஸைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்திலிருந்து சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்து, 60 காமர் சேஸிஸ் வாங்கி, பாடியை உள்ளூர் ஆட்களை வைத்தே கட்டினார்கள். எங்கள் ஊரில் நல்ல மெக்கானிக்கை 'ஆசான்' என்பார்கள். களரிக்கும் ஆசான், கார்பரேட்டருக்கும் ஆசான் :-)

தானே சரிசெய்துகொள்ளும் பிரேக்கை 1947 மாடல்களில் ஸ்டூடிபேக்கர் கொடுத்தது. 1958 எட்ஸலில், பின்னால் எடுக்கும்போது பிரேக் மிதித்தால் அட்ஜஸ்டர் தானாக நகரும். வேடிக்கை என்னவென்றால், ஸ்டூடிபேக்கர் கார்களை இங்கே பூட்டி விற்றது இந்துஸ்தான் மோட்டார்ஸ். அதே கம்பெனி மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்துச் செய்த அம்பாசடரில் பல காலம் கையால் திருகும் அட்ஜஸ்டர்தான்! 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது.

அந்தத் தானியங்கி ஏன் சில சமயம் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது? பொன்முடியிலிருந்து இறங்குகிறீர்கள், 22 கொண்டை ஊசி வளைவு. மிதித்து மிதித்து டிரம் சூடாகி விரிகிறது. ஷூ அதை எட்ட இன்னும் தூரம் போகவேண்டும். 'ஓ, லைனிங் தேய்ந்துவிட்டது' என்று அட்ஜஸ்டர் நினைத்து ஒரு பல் முன்னால் நகர்ந்துவிடும். கீழே வந்து டிரம் ஆறிச் சுருங்கும். ஷூ பின்வாங்காது, ஏனென்றால் அந்தப் பல்சக்கரத்துக்கு ஒருவழிப் பாதைதான். உரசினால் சூடு, சூட்டினால் மறுபடி விரிவு. இதைத் தடுக்கத்தான் சில அமைப்புகளில் கூடுதல் ஸ்பிரிங் வைத்தார்கள். ஸ்பிரிங் நைந்தால் அதுவும் போச்சு.

கரமனையில் அப்பா வைத்திருக்கும் அம்பாசடருக்கு இதுதான் வியாதி. முன்பு வைத்திருந்தவர் வேறு வண்டியின் தானியங்கிப் பின் பிரேக்கை மாட்டியிருக்கிறார். வர்க்‌ஷாப்பில் மாஸ்டர் சிலிண்டரை இரண்டு தடவை மாற்றியும் சக்கரம் கொதிக்கிறது. 'சாரே, இதைக் கொடுத்துடுங்க' என்று சொல்லிவிட்டார்கள். ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய வண்டி. போனில் அப்பாவின் குரலே இறங்கிப்போயிருந்தது.

இங்கிருந்து வீடியோவில்தான் பார்த்தோம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டாச்சு. சக்கரம் சுற்றவில்லை. பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கச் சொன்னேன். அப்போது சக்கரம் விடுபட்டால் எண்ணெய் அழுத்தம் எங்கோ நிற்கிறது என்று அர்த்தம்: ஹோஸ் உள்ளே உப்பியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கலாம், பெடல் கம்பிக்கு விளையாட்டு இல்லாமல் இருக்கலாம். எண்ணெய் சொட்டியது, சக்கரம் அசையவில்லை. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர் நிரபராதி, இரண்டு தடவை கொடுத்த காசு தண்டம்.

அடுத்து ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றச் சொன்னேன். வலது சக்கரம் உடனே சுற்றியது. கடல் காற்றும் இடவப்பாதி மழையும் சேர்ந்து கேபிளை உறைக்குள்ளேயே துருவேற்றி, திரும்பிவராமல் பிடித்து வைத்திருந்தன. லீவரை விட்டாலும் ஷூ பாதி விரிந்தே நிற்கும்.

இடது சக்கரம் இன்னும் இறுக்கம். அங்கே நட்சத்திரச் சக்கரம் அதிகம் முன்னேறியிருந்தது. பேக் பிளேட் துளை வழியே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் லீவரை விலக்கிப் பிடித்து, இன்னொன்றால் பல் பலாகப் பின்னால் திருப்பினார் அப்பா. எழுபது வயசுக்காரர், தரையில் படுத்துக்கொண்டு! எட்டாவது பல்லில் சக்கரம் லேசாக உரசி, பிறகு தடையில்லாமல் ஓடியது.

புதுக் கேபிள் சாலையில் கிடைத்தது. பழைய மாஸ்டர் சிலிண்டர் இரண்டையும் அப்பா தூக்கிப்போடவில்லை, ஷெட்டில் வைத்திருக்கிறார். அம்மா தினமும் கேட்கிறாளாம்.