மண் வேண்டாத செடியும் இரண்டு புலியூர்களும்

கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் பெயர் பெற்ற தலம். சிதம்பரமோ தில்லை மரத்தால் தில்லையாயிற்று. பெரும்பற்றப்புலியூர் என்பதும் அதன் பெயரே. இரு புலியூர்களுக்கும் உரியவர் புலிக்கால் முனிவர். வண்டு தீண்டுமுன் மரமேறி மலர் பறித்து இறைவனுக்குச் சூட்ட வேண்டும் என்பதற்காகவே அவர் புலிக்கால்களை வரமாகப் பெற்றார் என்கிறது தலபுராணம்.

மரமேறினால்தான் கிட்டும் மலர் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது ஆர்க்கிட். கிளையையே வீடாகக் கொண்ட அச்செடியை மண் நிரப்பிய தொட்டியில் இறக்கிவிட்டு, அது ஏன் மடிகிறது என்று 200 ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் தோட்டக்காரர்கள் திகைத்தனர். சில ஆண்டுகளுக்கு முன்னர், கடலூரில், நாங்களும் அவ்வாறே திகைத்து நின்றோம்.

ஆசையோடு வாங்கி வந்த வாண்டாச் செடி அது. செம்மண், மணல், தொழுவுரம் மூன்றையும் கலந்து, ரோஜாவுக்குச் செய்யும் மரியாதை அனைத்தையும் அதற்கும் செய்து புதுத் தொட்டிக்கு மாற்றினோம். ஐப்பசி அடைமழை வந்தது. கார்த்திகையில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேர்களெல்லாம் பழுப்பேறிக் கூழாகியிருந்தன. இழந்த பின் ஏடு புரட்டுவதுதானே நம் வழக்கம்! புரட்டியபோது, விடை அச்செடியின் பெயரிலேயே இருந்தது கண்டு வெட்கினோம்.

மலையாள நாட்டில் இவ்வினச் செடிகளுக்கு மரவாழை என்று பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இப்பெயரைப் பதிவு செய்திருக்கிறது. அதில் ஒன்று அஞ்சிலி மரவாழை. எம்மரத்தில் வளர்வது என்பதையும் சேர்த்தே நம்மவர் பெயரிட்டிருக்கின்றனர்! 1753-இல் லின்னேயஸ் இத்தகைய செடிகளை 'எபிடென்ட்ரம்' என்ற பேரினத்தில் அடக்கினார். கிரேக்கத்தில் அதன் பொருள் 'மரத்தின் மேல்' என்பதே.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். சிதம்பரத்துக்குத் தெற்கே, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் மருத்துவராக வந்தவர் கோனிக். லின்னேயசின் மாணவரான அவரோடு பழகிய ஸ்காட்லாந்து மருத்துவர் ராக்ஸ்பர்க், 1795-இல் வெளிவரத் தொடங்கிய தம் சோழமண்டலக் கரைத் தாவர நூலில், கட்டம் போட்டாற்போன்ற இதழ்கள் கொண்ட ஓர் ஆர்க்கிடை வண்ணப் படத்துடன் அறிமுகம் செய்தார். அதுவே இன்றைய வாண்டா டெசெல்லேட்டா. 'வாண்டா' என்பது சர் வில்லியம் ஜோன்ஸ் வடமொழியிலிருந்து எடுத்தாண்ட சொல். 1820-இல் ராபர்ட் பிரவுன் அதைப் பேரினப் பெயராக நிலைநாட்டினார்.

அந்த வடமொழிச் சொல்லுக்குப் புல்லுருவி என்றும் பொருளுண்டு. பிழை அங்கேதான் நுழைகிறது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிடோ மரத்திடம் இடத்தை மட்டுமே கேட்பது. அதன் வேரைச் சுற்றி வெலமன் என்னும் பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பட்டதும் நீரை உறிஞ்சிப் பச்சையாகும். காற்றில் உலர்ந்து வெண்மையாகும். நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழ்வதே அவ்வேரின் வாழ்வு. ஈரமண் அதைச் சூழ்ந்தால் மூச்சுக்கு வழியின்றி அழுகும்.

இலண்டனில் பலகாலம் இதை உணர்ந்தாரில்லை. கண்ணாடி வீட்டுக்குள், புழுங்கும் மரப்பட்டைத் தூள் படுக்கையில், மண் தொட்டிகளைப் புதைத்து வைத்தனர். 1817-ஐ ஒட்டி சர் ஜோசப் பேங்க்ஸ் வேறு வழி கண்டார். பிரம்புக் கூடையில் சிறிதளவு இலைமக்கு இட்டு, அதன்மேல் செடியை வைத்து, பாசியால் இலேசாக மூடினார். தொட்டிக்குள் காற்று புகுந்த வரலாறு இது.

அதன்பின் நடந்தது வேறொரு கதை. 20-ஆம் நூற்றாண்டில் ஆஸ்முண்டா பெரணியின் வேர்நார் மேலைநாடுகளில் பெருவழக்காயிற்று. அது அருகவே, 1950-களில் ஊசியிலை மரப்பட்டை வந்தது. மரப்பெரணிகளின் தண்டும் வெட்டப்பட்டது. இன்று சயாத்தியா மரப்பெரணிகளின் வணிகம் பன்னாட்டு ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒரு காட்டுச் செடியை வாழவைக்க இன்னொரு காட்டுச் செடியைப் பலியிடுவது என்ன நியாயம்?

நமக்கோ அந்தப் பழி தேவையில்லை. மலாயா, சிங்கப்பூர்த் தோட்டங்கள் நெடுங்காலம் நம்பியவை உடைத்த செங்கலும் மரக்கரியும். கடலூர்க் கரையெங்கும் சவுக்கு, கரிக்குப் பஞ்சமில்லை. சிதம்பரத்துக் கொல்லைகளில் தேங்காய் மட்டை கிடக்கிறது. ஆயினும் எச்சரிக்கை வேண்டும். மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. உப்பங்கழியில் ஊறியதென்றால் கேட்கவே வேண்டாம். கட்டைவிரல் பருமனுக்கு நறுக்கி, சில நாள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். நார்த்தூள் ஆகாது, அது மண்ணைப் போலவே அடைத்துக்கொள்ளும். மட்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கும். மேலே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சேறாகியிருக்கும். மாற்றும் காலம் அதுவே. கரியும் செங்கலும் மக்கா. ஆனால் நிலத்தடி நீரின் உப்பைச் சேர்த்துவைக்கும். அவ்வப்போது மழைநீரால் அலச வேண்டும்.

டென்ட்ரோபியத்துக்கு மட்டையும் கரியும் கலந்த கலவை பொருந்தும். வாண்டாவுக்குப் பலகைக் கூடையும் நாலைந்து கரித்துண்டுகளும் போதும். புது வேர் முளைக்கும் பருவம் பார்த்து, பனி நீங்கிய மாசி, பங்குனியில் மாற்றுவதே நம் பக்கத்துக்கு ஏற்றது. அடைமழைக்குள் வேர் பற்றிக்கொள்ளும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. மரத்தில் தொற்றி வாழும் உயிருக்கு மரம் விழுவது என்பது நிலமே பிளப்பதற்கு ஒப்பு. மரங்கள் குறையும் ஊரில் நாம் கட்டித் தொங்கவிடும் கூடை ஒரு சிறு கிளை, அவ்வளவே.

எங்கள் இரண்டாவது வாண்டா இப்போது கூடையில் தொங்குகிறது. மூன்று ஐப்பசிகளைக் கண்டுவிட்டது. வேர்கள் பலகைக்கு வெளியே வெண்மையாக நீண்டு காற்றைத் துழாவுகின்றன. இன்னும் பூக்கவில்லை. பூக்கும் நாளில் அதைப் பறிக்க எங்களுக்குப் புலிக்கால் வேண்டாம். பறிக்காதிருக்கும் மனம்தான் வேண்டும்.