ஓடிலா நத்தைகளின் பெயரீட்டு வரலாற்றில் துணைப்பேரினம்

ஒரு பெயர் எதனைச் சுட்டுகின்றது என்னும் வினா மொழியியலாளருக்குப் புதியதன்று. பெயர் மாறாதிருக்க அதன் சுட்டுபொருள் மட்டும் மாறிவிடுமாயின், பழைய நூலை இன்று பெயர்ப்பவர் என்ன செய்தல் வேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. ஐரோப்பிய ஓடிலா நத்தைகளின் பேரினமாகிய ஏரியனின் பெயரீட்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1758-இல் லின்னேயஸ் ஓடிலா நத்தைகளை லிமாக்ஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். 1819-இல் ஃபெரூசாக் அவற்றுட் சிலவற்றைப் பிரித்து ஏரியன் எனப் பெயரிட்டார். மூச்சுத்துளை மேலுறையின் முற்பாதியில் அமைந்திருத்தல் இப்பேரினத்தின் அடையாளம். எனினும் பேரினத்தை அறிவது எளிதாயினும் சிற்றினத்தை அறிவது அரிதாகவே இருந்தது. பிற நத்தைகளைப் பிரித்தறியப் பெரிதும் உதவுவது ஓடு. அஃது இவற்றிற்கு இல்லை. நிறமோ வயதுக்கேற்ப மாறுவது. சாராயத்தில் இட்டால் உடல் சுருங்கி நிறமும் மங்கும்.

இவ்விடர்ப்பாட்டில் பேரினத்திற்கும் சிற்றினத்திற்கும் இடைப்பட்ட துணைப்பேரினம் பயன்பட்டது. சைபர்ட் 1873-இல் கோபெல்ட்டியா என்பதனையும், ஹெஸ்ஸே 1926-இல் கரினேரியன், மெசேரியன் என்பனவற்றையும் நிறுவினர். முதலாவது கோபெல்ட் என்னும் ஜெர்மானிய மெல்லுடலி ஆய்வாளரின் பெயரால் அமைந்தது. கரினா என்னும் இலத்தீன் சொல்லுக்குப் படகின் அடிமுதுகு என்பது பொருள். இளம் உயிரியின் முதுகின் நடுவே ஓடும் வெளிறிய வரியை அப்பெயர் குறிக்கின்றது. மெசேரியனின் முன்னொட்டு 'இடைப்பட்ட' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்.

இப்பகுப்பினால் களத்தில் ஆய்பவர் படிப்படியாகச் செல்ல இயன்றது. உடல் பெரிதாயின் ஏரியன் என்னும் அதே பெயர்கொண்ட துணைப்பேரினம். சிறிதாய், பாதத்தின் அடிப்பகுதி வெண்மையாயின் கரினேரியன். சிறிதாய், அடிப்பகுதி மஞ்சளோ செம்மஞ்சளோ கலந்திருப்பின் பெரும்பாலும் கோபெல்ட்டியா. இவ்வளவில் நின்றுவிடுவதும் முறையான அறிதலேயாம். அதற்கு மேல் செல்ல, பல வேளைகளில் உடலை அறுத்து உள்ளுறுப்புகளை நோக்க வேண்டும்.

இதன் பயனைப் பின்வந்த இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. முதலாவது பிரிப்பு. பிரிட்டனில் ஹார்ட்டென்சிஸ் என ஒரே பெயரால் வழங்கியவை மூன்று சிற்றினங்கள் என்பதனை 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த டேவிஸின் கட்டுரைகள் நிறுவின. இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு இதற்குச் சிறப்பான சான்றாயிற்று. அவற்றுள் ஒன்றிற்கு உரிய டிஸ்டிங்க்டஸ் என்னும் பெயரை 1868-இலேயே மபீய் இட்டிருந்தார். 'வேறுபட்டது' என்னும் பொருளுடைய அப்பெயருக்குரிய உயிரி நெடுங்காலம் வேறுபடுத்தப்படாமலே கிடந்தது நோக்கத்தக்கது.

இரண்டாவது இணைப்பு. கரினேரியனுள் பேசியேட்டஸ், சர்க்கம்ஸ்கிரிப்டஸ், சில்வேட்டிகஸ் என மூன்று சிற்றினங்கள் கொள்ளப்பட்டன. மூன்றாவதனை லோமாண்டர் 1937-இல் விவரித்தார். இவற்றைப் பிரிக்க உதவிய உடல்நிறம் உண்ணும் உணவாலும் மாறக்கூடும் என 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவை பெரும்பாலும் தற்கருவுறுதலால் பெருகுவன. ஆதலின் ஒவ்வொரு வழிமரபும் தனித்து நின்று தனிச் சிற்றினம்போல் தோன்றுகின்றது. மூன்றனையும் ஒரே சிற்றினமாகக் கொள்ளலாம் என்னும் கருத்து 2006-இல் முன்வைக்கப்பட்டது. இவ்வாய்வாளர்கள் கரினேரியன் என்னும் துணைப்பேரினப் பெயரையே தனிப்பெயராக ஆண்டுள்ளனர்.

முன்னதில் ஒன்று மூன்றாயிற்று. பின்னதில் மூன்று ஒன்றாகலாம் என்னும் நிலை. இரண்டிலும் துணைப்பேரினப் பெயரின் சுட்டு நிலைபெயரவில்லை. இங்குதான் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு தொடங்குகின்றது. 'ஏரியன் (கோபெல்ட்டியா) ஹார்ட்டென்சிஸ்' என்னும் தொடரில் பிறையடைப்புள் நிற்பது விளக்கமும் அன்று, மாற்றுப்பெயரும் அன்று. விலங்குப் பெயரீட்டு நெறிப்படி அஃது இருசொற் பெயரின் உறுப்பாக எண்ணப்படுவதில்லை, ஆயினும் பொருளுடையது. மிகையெனக் கருதி அதனை நீக்கினால், மூலத்தில் உறுதியாக நிற்கும் செய்தி போய், ஐயத்திற்குரிய செய்தியே எஞ்சும்.

அவ்வாறே 1977-க்கு முற்பட்ட பிரிட்டானிய நூலில் ஹார்ட்டென்சிஸ் என வருமாயின் அதனை அவ்வாறே பெயர்த்து, அது மூன்று சிற்றினங்களையும் தழுவிய பழைய வழக்காகலாம் என அடிக்குறிப்பில் சுட்டுவதே நேரிது. இன்றைய குறுகிய பொருளை அதன்மேல் ஏற்றுதல் மூல ஆசிரியர் கூறாததை அவர் கூற்றாக்குவதாகும்.

துணைப்பேரினங்களும் மனிதர் வகுத்த எல்லைகளே. அவையும் மறுஆய்வுக்கு உட்பட்டவை. எனினும் அறிந்த அளவில் நின்று அவ்வளவிற்கே பெயரிடும் ஒழுக்கத்தை அவை கற்பிக்கின்றன. மூலம் பேரினத்தளவில் நின்றால் மொழிபெயர்ப்பும் அங்கேயே நிற்க வேண்டும். துணைப்பேரினம் வரை சென்றால் அதுவரை செல்ல வேண்டும். அறிவியல் மொழிபெயர்ப்பில் துல்லியம் என்பது மூலம் நின்ற படியிலேயே நிற்றல் எனலாம்.