அஞ்சடி

மலாயாவில் உலு யாம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 1958இல் பிறந்தவள் நான். லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓடும் திண்ணைக்கு எங்களிடம் அஞ்சடி என்று பெயர். பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. நடுவில் பலகைச் சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் இந்த வீட்டில் வெந்நீர் வைப்பார்கள். விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுகிற அவசரத்திலும் "பசியாறியாச்சாக்கா?" என்று கேட்காமல் யாரும் யாரையும் தாண்டிப் போனதில்லை.

கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டத்திலும் ஆள்கட்டி வந்ததால் ஒரு லயத்தில் பாதிப் பேர் மாமன் மச்சான். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்கட்டை நிறுத்தியது. அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் இங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். துரைக்கு வேண்டியிருந்தது தோட்டத்தை விட்டு ஓடாத கூலியாள். அதற்காகப் போட்ட முடிச்சில் எங்களுக்குச் சொந்தபந்தம் கிடைத்தது.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். எதிர்லயத்துப் பெரியம்மாவின் மகன் ஆற்றில் குளிக்கப்போய் மூழ்கிவிட்டான். கருமாதி முடிந்தும் அவர் பால்வெட்டப் போகவில்லை, தலை சீவவில்லை. என் அம்மா ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்ப்பவர். வேலை முடிந்ததும் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு அந்த அஞ்சடியில் போய் உட்காருவார். பாதிக் கட்டைப் பெரியம்மா மடியில் போடுவார். உருவிக்கொண்டே கேட்பார்: "அன்னைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தான்க்கா?" மறுநாள், "மீன் குழம்பு வெச்சா எத்தனை தடவ சோறு வாங்குவான்?"

புண்ணைக் கிளறுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் பெரியம்மா, "அன்னைக்கு அவனத் திட்டிதான்டி அனுப்புனேன்" என்றார். அன்று இருவர் மடியிலும் கீரை வாடிப்போனது. பத்து நாள் கழித்துப் பெரியம்மா பால்வாளியைத் தேய்த்துக் கவிழ்த்துவைத்ததைப் பார்த்தேன்.

தோட்டத்தைச் சொர்க்கமாக்கிப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. புருஷன் பெண்டாட்டி தகராறு என்றால் மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடும். தலைவர், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், இரண்டு பெரியவர்கள், எல்லாரும் ஆண்கள். கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்துவிட்டு வந்து அடித்தவனுக்கு அபராதம் போடுவார்கள். அந்தக் காசும் அவள் அடுப்பிலிருந்துதான் போகும். சமாதானம் என்றால் அவள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போவது. அவள் பக்கத்துக் கதையை மறுநாள் அஞ்சடியில்தான் கேட்பார்கள்.

தாதியாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மனநலத் தொண்டூழியர் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். அங்கேதான் இன்டர்பர்சனல் தெரபி என்ற பெயரை முதலில் கேட்டது. உறவுகளைச் சீர்செய்து மனச்சோர்வை இறக்குகிற சிகிச்சை. அமெரிக்காவில் ஜெரால்டு கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970களில் உருவாக்கி, 1984இல் நூலாக வெளியிட்டார்கள். பயிற்சி நடத்தியவர் பலகையில் நான்கே நான்கு எழுதினார்: சாவுத் துக்கம், உறவில் தகராறு, வாழ்க்கை நிலை மாறுவது, தனிமை. வந்தவரின் சோர்வு இதில் எதை ஒட்டித் தொடங்கியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். துக்கம் என்றால் செத்தவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் பேசவைக்க வேண்டும் என்றார். எனக்குக் கீரை வாசனை வந்துவிட்டது.

அவர் சொன்னதில் இன்னொன்றும் மனதில் நின்றது. 2002இல் உகாண்டாவின் தென்மேற்கில் 30 கிராமங்களில் இந்தச் சிகிச்சையைச் சோதித்தார்கள். சிகிச்சை கிடைத்த கிராமங்களில், ஆண்களும் பெண்களும் தனித்தனியாக, உள்ளூர்க்காரர் ஒருவர் நடத்த, வாரம் ஒருமுறை கூடினார்கள். அவர்களில் 86 சதவீதத்தினருக்கு இருந்த மனச்சோர்வு 6.5 சதவீதமாக இறங்கியது. கிடைக்காத கிராமங்களில் 94ஆக இருந்தது 54.7 வரைதான் வந்தது. அங்கே அந்த நான்காவதை, தனிமையை, எடுத்துவிட்டார்களாம். எப்போதும் கூட்டத்தோடு வாழ்கிறவர்களுக்கு அது பொருந்தாது என்று.

லயத்திலும் அதைத்தான் அழித்திருப்பார்கள். முனகலைக்கூட மறைக்க முடியாத இடத்தில் தனிமை எங்கே வரும்?

பிறகு வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை ஏறியது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. தோட்டம் கைமாறியது, நோட்டீஸ் வந்தது. கோயிலையாவது விட்டுவைப்பார்களா என்று ஆண்கள் அலைந்தார்கள். லயத்தை யாரும் கேட்கவில்லை. ஒழுகுகிற கூரைக்கு யார் அழுவார்கள்? ஒரு லயத்து ஆள்கள் ஐந்தாறு ஊர் அடுக்குமாடிகளுக்குச் சிதறினோம். சிமெண்டுச் சுவர், கிரில் கேட், பூட்டு. பெரியம்மாவுக்கு நாலாவது மாடி. முட்டிவலி, லிப்ட் பாதி நாள் ஓடாது. கடைசி இரண்டு வருஷம் அவர் கீழே இறங்கியதே ஆஸ்பத்திரிக்குத்தான். நானும் டவுனில் வேலை வேலை என்று இருந்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்தச் சிகிச்சையைக் குழுவாக நடத்துவதற்கு எட்டு வாரக் கையேடு ஒன்று வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மேற்பார்வைக்கு ஒருவரையும் வைத்துக்கொண்டு, போன வருஷம் ஆறு பெண்களோடு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தேன். முதல் வாரம் எல்லாரும் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு பெண், தூக்கம் வருவதில்லை, விடிகாலை நாலு மணிக்கே எழுந்து மாவாட்டிவிடுகிறேன் என்றாள்.

எதிரில் இருந்தவள் நிமிர்ந்தாள்.

"எந்த புளோக்கு நீங்க?"

"பி. மூணாவது மாடி."

"அப்ப மேல நாலு மணிக்கு மிக்ஸி ஓடுறது உங்க வீடாக்கா?"