திறந்த அபெர்ச்சர், தவறாத ஃபோகஸ்: கேண்டிட், விளையாட்டுப் படங்களுக்கான டெலிபோட்டோ பிரைம் லென்ஸின் வரலாறு

1. ஆய்வுப் பொருள்

சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் முகத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொல்ல முடியாது. பந்தோடு ஓடி வருபவரை இன்னொரு முறை ஓடி வரச் சொல்லவும் முடியாது. கேண்டிட் படமும் விளையாட்டுப் படமும் பொதுவாகத் தனித்தனித் துறைகளாகவே பேசப்படுகின்றன. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை நிபந்தனை ஒன்றுதான்: வெளிச்சம், தூரம், கணம் ஆகிய மூன்றில் எதையும் படம் எடுப்பவர் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியாது. இந்த நெருக்கடிக்கு விடையாக உருவானதே அகன்ற அபெர்ச்சர் கொண்ட டெலிபோட்டோ பிரைம் லென்ஸ். 85 முதல் 300 மி.மீ. வரையிலான, மாறாத ஒரே குவியத் தூரமும், எஃப்/1.4 முதல் எஃப்/2.8 வரை அபெர்ச்சரும் கொண்ட லென்ஸ்களை இக்கட்டுரை அந்தப் பெயரில் குறிக்கிறது. நெருக்கமான அமைப்பில் நீண்ட குவியத் தூரம் தருவதையே ஒளியியல் டெலிபோட்டோ என்னும். இங்கே புழக்கத்தில் உள்ள பரந்த பொருளே கொள்ளப்படுகிறது.

இந்த லென்ஸின் வரலாற்றை எஃப் எண் படிப்படியாகக் குறைந்த கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் கதை. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் முதலில் கைக்கு வந்தது. ஃபோகஸ் செய்யும் வழி பின்தங்கியே வந்தது. அந்த இடைவெளி நிரம்பிய பிறகே லென்ஸ் தன் முழுப் பயனைத் தந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஒரு சிறு கணக்கு

எஃப்/5.6 திறப்பில் 1/125 வினாடி தேவைப்படும் ஓர் உள்ளரங்கில், எஃப்/2 திறந்தால் 1/1000 வினாடியில் படம் எடுக்கலாம். எட்டு மடங்கு ஒளி என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான்: கை கால் கலங்கிய உருவம், அந்தரத்தில் உறைந்த உருவமாகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. 35 மி.மீ. ஃபிலிம் அளவில், 135 மி.மீ. லென்ஸை எஃப்/2 திறப்பில் 5 மீட்டர் தொலைவில் நிற்பவர் மீது வைத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 16 செ.மீ. மட்டுமே. முகம் அதற்குள் அடங்கும். நீட்டிய கை அடங்காது. 200 மி.மீ. எஃப்/2 லென்ஸில் 10 மீட்டர் தொலைவில் இந்த ஆழம் ஏறக்குறைய 30 செ.மீ. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கேமராவை நோக்கி ஓடி வரும் ஓட்டக்காரர் அந்த 30 செ.மீட்டரை ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கில் கடந்துவிடுவார். ஒளிக்காகத் திறந்த அபெர்ச்சரே ஃபோகஸை இவ்வளவு கடினமாக்கியது. நூறாண்டு உழைப்பின் பெரும்பகுதி இந்த முப்பதில் ஒரு பங்கைப் பிடிக்கவே செலவானது.

3. முன்னோடிகள்: 1840 முதல் 1891 வரை

வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் வடிவமைத்து, ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் 1840-இல் தயாரித்த உருவப்பட லென்ஸின் அபெர்ச்சர் சுமார் எஃப்/3.6. நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்த காலத்தில் அது பெரும் பாய்ச்சல். எனினும் உட்கார ஒப்புக்கொண்டவருக்குத்தான் அது பயன்பட்டது. 1891-இல் லண்டனில் தாமஸ் ருடால்பஸ் டால்மேயர், பெர்லினில் அடால்ஃப் மீதே, மூனிக்கில் அடால்ஃப் ஸ்டைன்ஹைல் ஆகியோர் தனித்தனியே டெலிபோட்டோ அமைப்பை உருவாக்கினர். அது தொலைவை வென்றது. ஆனால் உள்ளே வந்த ஒளி மிகக் குறைவு என்பதால் மலையையும் கோபுரத்தையும் போன்ற அசையாப் பொருள்களே அதற்கு ஏற்றவையாக இருந்தன. ஒளி ஒரு பக்கம், தொலைவு ஒரு பக்கம் என்று இரு கிளைகள் பிரிந்தே வளர்ந்தன.

4. எர்மனாக்ஸும் எரிக் சாலமனும்

இரு கிளைகளும் நெருங்கத் தொடங்கியது 1924-இல். டிரெஸ்டனில் இருந்த எர்னமான் நிறுவனம் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவை வெளியிட்டது. லுட்விக் பெர்டெலே வடிவமைத்த எர்னோஸ்டார் லென்ஸ் முதலில் எஃப்/2, பிறகு எஃப்/1.8. 4.5 × 6 செ.மீ. கண்ணாடித் தகட்டுக்கு முன் இவ்வளவு பெரிய திறப்பு அதுவரை கண்டிராதது. மெக்னீசியப் பொடியைக் கொளுத்தாமல் நாடக அரங்கிலும் இரவு விருந்திலும் படம் எடுக்க முடியும் என்பதே அதன் விளம்பரம்.

இந்தக் கருவியின் உட்பொருளை உணர்ந்தவர் சட்டம் படித்த பெர்லின்காரர் எரிக் சாலமன். 1928-இல் நீதிமன்றத்துக்குள் கேமராவை மறைத்து எடுத்துச் சென்று விசாரணைக் காட்சிகளைப் பதிவு செய்தார். பிறகு உலக நாடுகள் சங்கத்தின் கூட்டங்களுக்கும் அமைச்சர்களின் விருந்துகளுக்கும் போனார். 1930-இல் ஹேக் மாநாட்டில் நள்ளிரவு தாண்டிய வேளையில் அவர் எடுத்த படத்தில், ஐரோப்பாவின் கணக்கைத் தீர்க்க வந்த அமைச்சர்கள் நாற்காலிகளில் சரிந்து கிடக்கிறார்கள். அதுவரை அரசியல் தலைவர்கள் என்றால் விறைத்து நிற்கும் உருவங்களே அச்சில் வரும். சோர்வும் அலுப்பும் உள்ள மனிதர்களாக அவர்களை வாசகர் பார்த்தது இத்தகைய படங்களில்தான். இப்படங்கள் 1931-இல் நூலாகவும் வெளிவந்தன. யூதரான சாலமன் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

அவர் வேலை செய்த முறையை உற்றுப் பார்ப்பது இந்த ஆய்வுக்கு முக்கியம். எஃப்/1.8 இருந்தும் அன்றைய தகடுகளின் உணர்திறன் குறைவு. விளக்கொளியில் பெரும்பாலும் முக்காலியும் நீண்ட எக்ஸ்போஷரும் தேவைப்பட்டன. ஒவ்வொரு படத்துக்கும் தகட்டை மாற்ற வேண்டும். ஃபோகஸ் பெரும்பாலும் முன்கூட்டியே தூரத்தைக் கணித்து வைப்பதுதான். ஆகவே பேச்சு நின்று, கையசைவு அடங்கி, முகம் மட்டும் உணர்வோடு இருக்கும் அந்த ஓரிரு கணங்களுக்காக அவர் காத்திருந்தார். ஒளியை லென்ஸ் கொடுத்தது; ஃபோகஸை மனிதரின் பொறுமை கொடுத்தது. ஓடுகிறவரை இந்த முறையில் பிடிக்க இயலாது.

5. சொன்னார்: விருந்தறையிலிருந்து மைதானத்துக்கு

எர்னமான் 1926-இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்து சைஸ் ஐகான் ஆனது. பெர்டெலே எர்னோஸ்டாரை வளர்த்து சொன்னார் என்ற அமைப்பை உருவாக்கினார். லென்ஸுக்குப் பூச்சு இல்லாத காலம் அது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நான்கைந்து விழுக்காடு ஒளி சிதறிப்போகும். பல வில்லைகளை ஒட்டி மூன்றே குழுக்களாக்கியதால், சொன்னாரில் அத்தகைய பரப்புகள் ஆறுதான். திறப்பும் அகலம், படத்தில் மங்கலும் குறைவு.

1936 பெர்லின் ஒலிம்பிக்கை முன்னிட்டு சைஸ் தயாரித்த 180 மி.மீ. எஃப்/2.8 சொன்னார், ‘ஒலிம்பியா சொன்னார்’ என்றே பெயர் பெற்றது. கேண்டிட் படத்துக்குப் பிறந்த கண்ணாடி அமைப்பு விளையாட்டுக்குப் போன இந்த இடம், இரு துறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதற்கு நேரடிச் சான்று. இடர் முன்பு போலவே ஃபோகஸில்தான் வந்தது. சைஸ் ஐகானின் கான்டாக்ஸ் கேமராவின் தூரமானி 50 மி.மீ. லென்ஸுக்குத் துல்லியமானது, 180 மி.மீட்டருக்கு அந்தத் துல்லியம் போதவில்லை. கண்ணாடி வழியே லென்ஸின் பிம்பத்தையே பார்க்க உதவும் ஃப்ளெக்டோஸ்கோப் என்ற பெட்டியை இடையில் பொருத்த வேண்டியதாயிற்று.

6. லென்ஸ் வழியே பார்த்தல்

போருக்குப் பின் மையம் ஜப்பானுக்கு நகர்ந்தது. 1950-இல் டோக்கியோவில் இருந்த லைஃப் இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜுன் மிகி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் மூலம் 8.5 செ.மீ. எஃப்/2 நிக்கோர் லென்ஸைக் கண்டார். அதன் கூர்மையில் வியந்து, நிக்கோர் லென்ஸ்களுடன் கொரியப் போர்முனைக்குப் போனார். அந்த லென்ஸும் சொன்னார் வழியில் வந்ததே.

தூரமானியின் எல்லையைத் தாண்டும் வழி ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராதான். 1936-இல் கினே எக்ஸாக்டா, 1949-இல் பென்டாப்பிரிசம் கொண்ட கான்டாக்ஸ் எஸ், 1954-இல் கண்ணாடி தானே கீழிறங்கும் ஆசாஹிஃப்ளெக்ஸ் 2பி, 1959-இல் இவற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டிய நிக்கான் எஃப் என இது படிப்படியாக வந்தது. அபெர்ச்சர் முழுதும் திறந்திருக்கும்போதே பார்த்து, ஷட்டர் விழும் நொடியில் மட்டும் அது சுருங்கும் வசதி பரவியதும் அகன்ற லென்ஸுக்கு இரண்டாவது பயன் கிடைத்தது: பிரகாசமான வியூஃபைண்டர். ஃபோகஸ் கூடுவதும் விலகுவதும் கண்ணுக்குச் சட்டெனத் தெரிந்தன. 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்த, உலகறிந்த ஆப்கன் சிறுமியின் படம் 105 மி.மீ. எஃப்/2.5 நிக்கோரில் பதிவானது. அந்தக் கண்களின் கூர்மை இந்தத் தலைமுறைக் கருவிகளின் சாதனை.

7. நிறப்பிழையும் எடையும்

300 மி.மீட்டரில் எஃப்/2.8 என்றால் திறப்பின் விட்டம் 107 மி.மீ. இவ்வளவு பெரிய சாதாரணக் கண்ணாடியில் நிறங்கள் ஒரே புள்ளியில் கூடாமல், வெள்ளைச் சட்டையின் விளிம்பில் ஊதாக் கோடு படரும். நுண்ணோக்கியில் எர்ன்ஸ்ட் அபே 1880-களிலேயே பயன்படுத்திய ஃப்ளூரைட் படிகம் இதற்கு மருந்து. இயற்கையில் பெரிய படிகம் அரிது. கேனான் அதைச் செயற்கையாக வளர்த்து 1969-இல் 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸை வெளியிட்டது. நிக்கான் ஈடி (ED) என்ற குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடியை உருவாக்கியது. 1970-களில் இரு நிறுவனங்களும் 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைக் களத்தில் இறக்கின. ஃப்ளூரைட் வெப்பத்தில் விரிவடையும். அதைக் குறைக்கப் பூசிய வெள்ளை நிறம்தான் இன்று மைதான ஓரங்களில் வரிசையாகத் தெரிகிறது.

இதே பத்தாண்டில் வந்த உள்ஃபோகஸ் முறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முன்னால் இருக்கும் கனமான வில்லையை நகர்த்தாமல், உள்ளே உள்ள சிறிய குழுவை மட்டும் நகர்த்தி ஃபோகஸ் செய்யும் முறை இது. விரல் நுனியில் வளையம் சுழன்றது. 1977-இன் 200 மி.மீ. எஃப்/2 நிக்கோர் இவ்வகையைச் சேர்ந்தது. இந்த இலகு இல்லாமல் அடுத்த கட்டம் சாத்தியப்பட்டிராது.

8. தானியங்கி ஃபோகஸ்

1985-இல் மினோல்டா 7000 தானியங்கி ஃபோகஸைப் பரவலாக்கியது. 1987-இல் கேனான் தன் பழைய லென்ஸ் பொருத்தியைக் கைவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைக்கும் இஎஃப் அமைப்புக்கு மாறியது. அதே ஆண்டின் 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் அல்ட்ராசோனிக் மோட்டாருடன் வந்தது. 1988-இல் 200 மி.மீ. எஃப்/1.8: எடை ஏறக்குறைய 3 கிலோ, திறப்பு 111 மி.மீ. குத்துச்சண்டை, கூடைப்பந்து, பனிச்சறுக்கு நடனம் போன்ற உள்ளரங்கப் போட்டிகளுக்கு அதற்கு இணையில்லை. 1996-இல் வந்த 135 மி.மீ. எஃப்/2 லென்ஸின் எடை 750 கிராம்தான். கறுப்பு நிறம், கையடக்கம். திருமண மண்டபத்திலும் பள்ளி விளையாட்டரங்கிலும் ஒருவரே எடுத்துச் செல்லக்கூடிய கருவியாக அது அமைந்தது.

அகன்ற அபெர்ச்சர் தானியங்கி ஃபோகஸுக்கும் உதவியது. லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் கதிர்களை ஒப்பிட்டே கேமரா தூரத்தை அறிகிறது. ஓரங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். ஆயினும் ஒரு குறை எஞ்சியது. ஃபோகஸை அளக்கும் சென்சார் கண்ணாடிக்குக் கீழே தனியே இருந்தது. அதற்கும் படம் விழும் தளத்துக்கும் மயிரிழை வேறுபாடு இருந்தாலும், கண்ணில் விழ வேண்டிய தெளிவு காதில் விழும். 2007-இல் கேனான் 1டி மார்க் 3, நிக்கான் டி3 ஆகிய கேமராக்களில் லென்ஸ்தோறும் நுண்திருத்தம் செய்யும் வசதி வந்ததே இந்தக் குறை உண்மையானது என்பதற்குச் சான்று.

9. ஐஎஸ்ஓ உயர்ந்த பின்னும்

நிக்கான் டி3 ஐஎஸ்ஓ 6400-ஐ வழக்கமான அளவாக்கியது. இனி 70–200 மி.மீ. எஃப்/2.8 ஜூம் போதும் என்ற கருத்துக்கு வலுவான நியாயம் இருந்தது. நகரும் ஆட்டத்தில் ஜூமின் வசதி மறுக்க முடியாதது. வெளிச்சம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பிரைம் லென்ஸ் அப்போதே வழக்கொழிந்திருக்கும். மாறாக, கேனான் 2008-இல் 200 மி.மீ. எஃப்/2 லென்ஸையும், நிக்கான் 2016-இல் 105 மி.மீ. எஃப்/1.4 லென்ஸையும், சிக்மா 2017-இல் 135 மி.மீ. எஃப்/1.8 லென்ஸையும் புதிதாக வெளியிட்டன.

காரணம் பின்னணி. விளையாட்டரங்கில் விளம்பரப் பலகை, பிளாஸ்டிக் நாற்காலி, மின்கம்பி எல்லாம் படத்துக்குள் வரும். மண்டபத்தில் அலங்கார விளக்கும் பந்தியும் வரும். எதையும் அப்புறப்படுத்தும் உரிமை படம் எடுப்பவருக்கு இல்லை. முன்பு கணக்கிட்ட 16 செ.மீ. ஆழம் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு காலத்தில் விலையாகக் கருதப்பட்டது இப்போது வாங்கும் காரணமாகிவிட்டது. இந்த மாற்றத்தை முழுமையாக்கியவை கண்ணாடியில்லா கேமராக்கள். படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் மயிரிழை வேறுபாடு அடிப்படையிலேயே நீங்கியது. கண்ணை அடையாளம் கண்டு தொடரும் திறனும் சேர்ந்துகொண்டது.

10. முடிவுரை

எர்மனாக்ஸுக்குப் பொறுமை, ஒலிம்பியா சொன்னாருக்கு ஃப்ளெக்டோஸ்கோப், ஃப்ளூரைட் லென்ஸுக்கு உள்ஃபோகஸ், 135 மி.மீ. எஃப்/2 லென்ஸுக்குக் கண்ணாடியில்லா கேமரா என, ஒளி வென்ற ஒவ்வோர் இடத்துக்கும் ஃபோகஸின் வெற்றி பின்னால் வந்து பொருள் கொடுத்திருக்கிறது. ஆகவே ஒரு லென்ஸை அதன் எஃப் எண்ணைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்தத் திறப்பில் எத்தனை படங்களில் கண் தெளிவாக விழுகிறது என்பதே அளவுகோல்.

இன்னொரு முடிவும் இதிலிருந்து பெறப்படுகிறது. கருவி இன்று கண்ணைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஆனால் முகத்தில் உணர்வு எழும் கணத்தை அது அறியாது. சாலமன் தகட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தது அந்தக் கணத்துக்காகவும்தான். ஃபோகஸ் என்ற சுமை இறங்கிய பின், கேண்டிட் படம் எடுப்பவருக்கும் மைதானத்தில் அமர்ந்திருப்பவருக்கும் எஞ்சியிருக்கும் முழுப்பணி மனிதரைக் கவனிப்பதே. நூறாண்டு ஒளியியல் உழைப்பு அவர்களுக்கு அந்தக் கவனத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறது.