ஒளி காட்டிய அசைவு

உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. 1925ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர்களான கோர்ட்டர், கிரெண்டல் என்போர், இரத்தச் செவ்வணுக்களிலிருந்து கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பி அளந்தனர். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இருந்தது. எனவே, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக அமைந்ததே சவ்வு என்று அவர்கள் முடிவு செய்தனர்.

ஆனால் அம்மூலக்கூறுகள் சுவரில் பதித்த செங்கற்களைப்போல் நிலைத்து நிற்கின்றனவா, குளத்தில் மிதக்கும் இலைகளைப்போல் இடம் பெயர்கின்றனவா? இவ்வினாவுக்கு விடை காணத் துணை நின்றது உடனொளிர்வு என்னும் பண்பு. சில பொருள்கள் ஒரு நிற ஒளியை ஏற்று, உடனே வேறு நிற ஒளியை வெளியிடும். கொயினாக் கரைசலில் தோன்றும் நீல ஒளியை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் 1852இல் இதனை விளக்கினார்.

1970இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரை, எடிடின் என்னும் இருவர், எலியின் உயிரணுவையும் மனித உயிரணுவையும் ஒரு வைரஸின் துணைகொண்டு ஒன்றாக இணைத்தனர். இணைந்த அணுக்களை அவ்வப்போது எடுத்து, எலியின் புரதங்கள் பச்சையாகவும் மனிதப் புரதங்கள் சிவப்பாகவும் ஒளிருமாறு சாயமேற்றி நோக்கினர். முதலில் ஒரு பாதி பச்சை, மறுபாதி சிவப்பு. சுமார் 40 நிமிடங்களில் பெரும்பாலான அணுக்களில் இரு நிறங்களும் கலந்துவிட்டன.

அத்துடன் அவர்கள் அமைதி கொள்ளவில்லை. புதிய புரதங்கள் உண்டாகி ஆங்காங்கே பரவியிருக்கலாம் அன்றோ? ஆகவே, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளையும், அணுவின் சக்தி உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளையும் இட்டுப் பார்த்தனர், கலப்பு நிற்கவில்லை. வெப்பத்தை 15 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே குறைத்தபோதோ அது நின்றது. குளிரில் தேங்காயெண்ணெய் உறைவதை நாம் அறிவோம். சவ்வின் கொழுப்பும் அவ்வாறே இறுகித் தன்னுள் மிதக்கும் புரதங்களைத் தடுக்கிறது என்பது விளங்கிற்று.

1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் சவ்வு ஒரு நீர்மப் பரப்பே என்னும் கொள்கையை வகுத்தனர். 1976இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இவ்வசைவை அளக்கும் முறையை விரிவாக வகுத்துரைத்தனர். சாயமேற்றிய சவ்வின் ஒரு சிறு வட்டத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சி ஒளிர்வை அழிப்பர். அயலிலுள்ள மூலக்கூறுகள் அவ்விடத்தில் வந்து நிறைய ஆகும் காலத்தைக் கணக்கிடுவர். ஒரு கொழுப்பு மூலக்கூறு ஏறக்குறைய ஒரே விநாடியில் ஒரு பாக்டீரியாவின் நீளத்தைக் கடக்கவல்லது என்பதை இத்தகைய அளவைகளால் அறிகிறோம்.

சுவரென்று எண்ணத்தக்க ஒன்று ஓயாது அசைகிறது என்பதை ஒளி காட்டிற்று. அக்காட்சிக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடுமோ என்று ஐயுற்று, அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பொறுமையே அதனை உறுதியான அறிவாக்கிற்று.